டென்னிஸ் நடுவர்கள், வீரர்களின் நடத்தை, பெண்களுக்கான நியாயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 அமெரிக்க ஓப்பன் மகளிர் இறுதிப்போட்டியில் நடுவர் செரீனா வில்லியம்ஸை மூன்று முறை தண்டித்தார்; ஆண்கள் இதைவிட மோசமாகப் பேசியும் தண்டிக்கப்படுவதில்லை, பெண் என்பதால்தான் தனக்கு இப்படி என்று செரீனா சொன்னார். அந்தப் போட்டியைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள் எழுகின்றன. அந்தப் போட்டியோடு நின்றுவிடாமல் ஆடை, பரிசுத்தொகை, ஆட்ட நேரம், இயந்திரத் தீர்ப்பு என்று பேச்சு விரிந்துகொண்டே போகிறது. அடிக்கடி காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தந்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. சிக்கலானவை போகப்போக வரும்.

நடுவர் ஒரு வீரரைத் தண்டிப்பது எப்படி? எச்சரிக்கைக்குப் பிறகு என்ன நடக்கும்?

நடத்தை விதிகளை முதல்முறை மீறினால் எச்சரிக்கை. இரண்டாம் முறை மீறினால் ஒரு புள்ளி பறிபோகும். மூன்றாம் முறை ஒரு கேம் முழுவதும் எதிராளிக்குப் போய்விடும் (பல புள்ளிகள் சேர்ந்தது ஒரு கேம், பல கேம்கள் சேர்ந்தது ஒரு செட்). அதற்குப் பிறகும் மீறினால் போட்டியிலிருந்து வெளியேற்றலாம். மிகக் கடுமையான குற்றமாக இருந்தால் இந்தப் படிகளைத் தாண்டி நேரடியாகத் தகுதிநீக்கம் செய்யவும் இடமுண்டு. அபராதத் தொகையை நடுவர் அல்ல, போட்டியின் பொறுப்பாளர்கள் பின்னர் தனியாக முடிவு செய்கிறார்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று, வெவ்வேறு வகைக் குற்றங்களும் ஒரே கணக்கில் சேர்கின்றன என்பது. பயிற்சியாளர் சைகை காட்டியது, ராக்கெட்டை உடைத்தது, நடுவரைத் திட்டியது ஆகிய மூன்றும் தனித்தனிக் குற்றங்களாக இருந்தாலும் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் எண்ணப்படும். 1990 ஆஸ்திரேலிய ஓப்பனில் அமெரிக்க வீரர் ஜான் மெக்கன்ரோ வெளியேற்றப்பட்டபோது, இன்று மீண்டும் நடைமுறையில் உள்ள கேம் பறிப்பு என்ற படி அந்த ஆண்டு நீக்கப்பட்டிருந்ததை அவர் அறிந்திருக்கவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சமிருப்பதாக நினைத்துக்கொண்டே பேசினார்.

2018 இல் செரீனாவுக்கு என்னதான் நடந்தது?

செப்டம்பர் 8 அன்று செரீனா வில்லியம்ஸும் 20 வயது நவோமி ஒசாகாவும் மோதினர். நடுவர் போர்ச்சுகலைச் சேர்ந்த கார்லோஸ் ராமோஸ். முதல் செட்டை ஒசாகா 6-2 என வென்றார். இரண்டாம் செட்டின் தொடக்கத்தில், செரீனாவின் பயிற்சியாளர் பாட்ரிக் மூராடோகுலு பார்வையாளர் வரிசையிலிருந்து சைகை காட்டியதற்காக ராமோஸ் எச்சரிக்கை விதித்தார். பிறகு தான் செர்வ் செய்த கேமை இழந்த கோபத்தில் செரீனா ராக்கெட்டை உடைத்தார். ஒரு புள்ளி போனது. 4-3 என ஒசாகா முன்னிலையில் இருந்தபோது, தன்னிடமிருந்து புள்ளியைப் பறித்த திருடர் என்று நடுவரைச் சொன்னார்; ஒரு கேம் போய் 5-3 ஆனது. முடிவில் ஒசாகா 6-2, 6-4 என வென்று, கிராண்ட்ஸ்லாம் (ஆஸ்திரேலிய ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் என்ற நான்கு பெரிய போட்டிகள்) ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஜப்பானியரானார்.

செரீனாவுக்கு மொத்தம் 17,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது: நடுவரைத் திட்டியதற்கு 10,000, பயிற்சியாளரின் சைகைக்கு 4,000, ராக்கெட்டுக்கு 3,000. பரிசளிப்பின்போது கூட்டம் கூச்சலிட, வென்ற ஒசாகா கண்ணீரோடு நின்றார். இந்தச் சர்ச்சையில் மிகக் குறைவாகப் பேசப்படுபவர் அவர்தான் என்பது எனக்கு இன்றும் வருத்தமே.

பயிற்சியாளர் காட்டிய சைகையை செரீனா பார்க்கவே இல்லையே, அவரை ஏன் தண்டிக்க வேண்டும்?

அன்றைய விதிப்படி பயிற்சியாளர் சைகை காட்டுவதே குற்றம். வீராங்கனை அதைப் பார்த்தாரா, பயன்படுத்தினாரா என்பது கேள்வியே அல்ல. தன் குழுவின் செயலுக்கு ஆட்டக்காரரே பொறுப்பு. சைகை காட்டியதை மூராடோகுலு அன்றே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். எல்லாப் பயிற்சியாளர்களும் இதைச் செய்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவர் சொன்ன இரண்டாவது பகுதியில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. எல்லோரும் மீறும் விதி ஒன்றை எப்போதாவது ஒருவர்மீது மட்டும் எடுத்து வீசினால், அகப்பட்டவருக்கு அது அநீதியாகத்தான் படும். பல நடுவர்கள் முதலில் ஆட்டக்காரரிடம் வாய்மொழியாகச் சொல்லிவைத்து, பிறகே எச்சரிக்கை விதிப்பது வழக்கம். ஆனால் அது எழுதப்பட்ட விதி அல்ல. இன்று அந்த விதியே தளர்ந்துவிட்டது. 2022 இல் சோதனை முறையில் தொடங்கி, 2025 ஜனவரி 1 முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளே பார்வையாளர் வரிசையிலிருந்து ஆலோசனை சொல்வதை அனுமதிக்கின்றன.

ஆண்கள் இதைவிட மோசமாகப் பேசினாலும் விட்டுவிடுகிறார்கள் என்பது உண்மையா?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இல்லை என்றுதான் தோன்றும். 1998 முதல் 2018 வரையிலான கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் ஆண்களுக்கு 1,517 அபராதங்களும் பெண்களுக்கு 535 அபராதங்களும் விதிக்கப்பட்டதாக, அந்த இறுதிப்போட்டிக்குப் பின் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. ராக்கெட்டை உடைத்ததற்காக ஆண்கள் 649 முறையும் பெண்கள் 99 முறையும் அபராதம் கட்டினர். பயிற்சியாளரின் ஆலோசனை பெற்ற குற்றத்தில் மட்டும் கணக்கு தலைகீழானது: பெண்கள் 152, ஆண்கள் 87. ராமோஸும் ஆண்களிடம் கண்டிப்பானவர் என்றே பெயர் எடுத்தவர். 2016 பிரெஞ்சு ஓப்பனில் ஆஸ்திரேலிய வீரர் நிக் கிர்கியோஸையும் 2017 பிரெஞ்சு ஓப்பனில் ரஃபேல் நடாலையும் எச்சரித்தவர் அவர்.

ஆனால் இந்தக் கணக்கு தண்டிக்கப்பட்டவர்களைத்தான் எண்ணுகிறது. தண்டிக்கப்பட வேண்டியவர்களில் எத்தனை பேர் தப்பினார்கள் என்பதை எந்த அட்டவணையும் காட்டாது. முன்னாள் வீரர்களான ஆண்டி ராடிக்கும் ஜேம்ஸ் பிளேக்கும், தாங்கள் அதைவிட மோசமாகப் பேசியும் அப்படிப்பட்ட தண்டனை பெற்றதில்லை என்று அப்போதே வெளிப்படையாக எழுதினார்கள்.

அதே அமெரிக்க ஓப்பனில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பியர் ஹியூக் ஹெர்பெருக்கு எதிராக ஒரு செட்டை இழந்து, அடுத்த செட்டிலும் 0-3 எனப் பின்தங்கி, முயற்சியே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்த கிர்கியோஸிடம் நடுவர் முகமது லயானி நாற்காலியிலிருந்து இறங்கிவந்து, உனக்கு உதவத்தான் விரும்புகிறேன் என்ற பொருளில் பேசினார். கிர்கியோஸ் மீண்டெழுந்து வென்றார். லயானியைப் பின்னர் ஆடவர் டென்னிஸ் அமைப்பு தற்காலிகமாக நீக்கிவைத்தது. ஒரே போட்டித் தொடரில் ஒரு நடுவர் இளம் வீரரிடம் தந்தையைப்போல் பரிவு காட்டினார். இன்னொருவர் 23 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்றவரிடம் விதிப்புத்தகத்தை மட்டும் காட்டினார். இருவரும் வெவ்வேறு நடுவர்கள் என்பதால் இதைப் பாகுபாட்டுக்கு நேரடிச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆயினும் நடுவரின் விருப்புரிமை எவ்வளவு அகலமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இணை எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் செரீனா சொன்னது தவறு என்று முடித்துவிடலாமா?

கூடாது. இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. அந்த மூன்று தீர்ப்புகளும் விதிக்கு உட்பட்டவையா என்று கேட்டால், ஆம். பெண்கள் டென்னிஸில் வேறு அளவுகோலால் அளக்கப்படுகிறார்களா என்று கேட்டால், அதற்கும் ஆம். ஒன்றை ஏற்பவர் மற்றதை மறுக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. என் கருத்து இதுதான்: ராமோஸ் விதியைச் சரியாகவே பயன்படுத்தினார், ஆனால் கேமைப் பறிப்பதற்கு முன், இன்னொரு சொல் வந்தால் கேம் போய்விடும் என்று ஒருமுறை சொல்லியிருந்தால், விதி எதுவும் குறைந்துபோயிருக்காது.

செரீனாவின் கோபத்துக்கு ஒரு நீண்ட பின்னணியும் உண்டு. 2004 அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் ஜெனிஃபர் காப்ரியாட்டிக்கு எதிராக, கோட்டுக்குள் விழுந்த செரீனாவின் பந்தை வெளியே என்று நடுவர் மாற்றி அறிவித்தார். அந்த நடுவருக்கு எஞ்சிய நாட்களில் பணி தரப்படவில்லை. 2018 மே மாதம், மகப்பேற்றுக்குப் பின் திரும்பிய செரீனாவுக்கு, முன்னணி வீராங்கனைகள் தொடக்கச் சுற்றுகளிலேயே மோதாமல் இருக்கத் தரப்படும் தரநிலையைப் பிரெஞ்சு ஓப்பன் வழங்கவில்லை. இறுதிப்போட்டிக்குப் பிறகு ஆஸ்திரேலிய நாளிதழ் ஒன்று வெளியிட்ட கேலிச்சித்திரம், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் பழைய பாணியில் அவரை வரைந்ததாக உலகெங்கும் கண்டனம் எழுந்தது.

2009 இல் செரீனா செய்ததும் இதே மாதிரிதானே?

இல்லை, அது வேறு. அந்த ஆண்டு அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் கிம் கிளைஸ்டர்ஸுக்கு எதிராக 4-6, 5-6, 15-30 என இருந்தபோது, இரண்டாவது செர்வில் கால் கோட்டைத் தொட்டதாகக் கோட்டு நடுவர் அறிவித்தார்; 15-40 ஆனது. பந்தை உன் தொண்டைக்குள் திணிப்பேன் என்ற பொருளில் செரீனா அவரை மிரட்டினார். முன்பே ராக்கெட்டுக்காக ஓர் எச்சரிக்கை இருந்ததால் ஒரு புள்ளி பறிபோனது. அந்தப் புள்ளியோடு ஆட்டமே முடிந்தது. பின்னர் 82,500 டாலர் அபராதமும் வந்தது.

அந்த நேரத்தில் அப்படி நுணுக்கமாகக் கால் கோட்டைப் பார்த்திருக்க வேண்டுமா என்று வாதிடலாம். உடல்ரீதியான மிரட்டலை நியாயப்படுத்த வழியில்லை. ஒருவர் அநீதியை அனுபவித்தவர் என்பதால் அவருடைய ஒவ்வொரு செயலும் நியாயமாகிவிடாது. அவர் ஒருமுறை தவறியதால் அவர் பட்ட அநீதி பொய்யாகிவிடவும் செய்யாது.

சட்டையைக் கழற்றியதற்கா ஒரு வீராங்கனையை எச்சரித்தார்கள்?

ஆம். 2018 அமெரிக்க ஓப்பன் முதல் சுற்றில் கடும் வெப்பம் காரணமாகத் தரப்பட்ட 10 நிமிட இடைவேளை முடிந்து வந்த பிரான்ஸ் வீராங்கனை அலிசே கோர்னே, சட்டையை முன்பின்னாக அணிந்திருந்ததைக் கவனித்து, ஆடுகளத்தின் பின்பகுதியில் நின்று சில நொடிகளில் மாற்றிக்கொண்டார். உள்ளே விளையாட்டு உள்ளாடை அணிந்திருந்தார். அவருக்கு எச்சரிக்கை விதிக்கப்பட்டது. அதே வெயிலில் ஆண்கள் மேலாடை இல்லாமல் நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். மறுநாள் அமெரிக்க டென்னிஸ் சங்கம் வருத்தம் தெரிவித்து, எல்லோரும் நாற்காலியில் அமர்ந்து சட்டை மாற்றலாம் என்று விதியைத் தெளிவுபடுத்தியது.

பாகுபாடு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். செரீனாவின் வழக்கில் வாதிட இடமுண்டு, இதில் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பின் தலைவர், செரீனா அணிந்த உடலோடு ஒட்டிய கறுப்பு முழு உடையை இனி ஏற்க மாட்டோம் என்றார். மகப்பேற்றுக்குப் பின் இரத்தம் உறையும் ஆபத்தைச் சந்தித்தவர் அணிந்த உடை அது. மாதவிடாய் நாட்களின் பதற்றத்தைப் பற்றி வீராங்கனைகள் பேசிய பிறகே, 2023 முதல் விம்பிள்டனில் வெள்ளைப் பாவாடைக்குள் அடர்நிறக் கால்சட்டை அணிய அனுமதி கிடைத்தது.

பெண்கள் கத்துவது மட்டும் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

ஆண்களும் பந்தை அடிக்கும்போது உரக்க ஒலி எழுப்புகிறார்கள்; அதை உழைப்பின் அடையாளமாகக் கேட்கும் காதுகளே பெண்ணின் குரலைத் தொல்லையாகக் கேட்கின்றன. 1992 விம்பிள்டன் அரையிறுதியில் மோனிகா செலஸின் ஒலி குறித்து மார்ட்டினா நவ்ரத்திலோவா புகார் செய்தார். இறுதிப்போட்டியில் செலஸ் ஏறக்குறைய ஒலியின்றி ஆடி, ஸ்டெஃபி கிராஃபிடம் 2-6, 1-6 என்று தோற்றார்.

கோபத்தில் அடித்த பந்து தெரியாமல் யார்மீதாவது பட்டால் வெளியேற்றுவது நியாயமா?

இங்கே நோக்கத்தைவிட விளைவே கணக்கில் எடுக்கப்படுகிறது. 2020 அமெரிக்க ஓப்பனில் செர்வை இழந்த எரிச்சலில் நோவாக் ஜோகோவிச் பின்னால் தட்டிவிட்ட பந்து கோட்டு நடுவரின் தொண்டையில் பட்டது. அப்போது உலகின் முதல்நிலை வீரர் அவர், உடனே வெளியேற்றப்பட்டார். 1995 விம்பிள்டனில் டிம் ஹென்மேன் அடித்த பந்து பந்து எடுக்கும் சிறுமியின் மீதும், நாடுகளுக்கிடையிலான 2017 டேவிஸ் கோப்பையில் டெனிஸ் ஷபோவலோவ் அடித்த பந்து நடுவரின் கண்ணிலும் பட்டன. இருவரும் வெளியேற்றப்பட்டனர். மூன்றுமே எரிச்சலில் அடித்தவை. மூன்று தீர்ப்புகளும் சரி என்றே நினைக்கிறேன்.

மனம் ஒப்பாதது 2023 பிரெஞ்சு ஓப்பன் இரட்டையர் ஆட்டத்தில் ஜப்பானின் மியூ கட்டோவுக்கு நேர்ந்ததுதான். ஆட்டத்தின் இடையில் மறுபக்கம் அனுப்ப அவர் தட்டிய பந்து, பந்து எடுக்கும் சிறுமி மீது பட்டது. நடுவர் முதலில் எச்சரிக்கை மட்டுமே விதித்தார். எதிரணியினர் முறையிட்ட பிறகு, சிறுமி அழுவதைக் கண்டு, கட்டோவும் அவருடைய இணையும் வெளியேற்றப்பட்டனர்; பரிசுத்தொகையும் தரவரிசைப் புள்ளிகளும் போயின. அதில் கோபமே இல்லை. சில நாட்களில் அவர் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார் என்பது ஆறுதல்தான், நியாயம் அல்ல.

நடுவரின் நாற்காலியை ராக்கெட்டால் அடித்த ஸ்வெரேவுக்கு ஏன் தடை இல்லை?

2022 பிப்ரவரியில் மெக்சிகோவின் அகபுல்கோவில் இரட்டையர் ஆட்டத்தில் தோற்ற அலெக்சாண்டர் ஸ்வெரேவ், நடுவர் அமர்ந்திருந்த நாற்காலியை ராக்கெட்டால் பலமுறை அடித்தார். நடுவரின் கால் நூலிழையில் தப்பியது. போட்டியிலிருந்து நீக்கி, 40,000 டாலர் அபராதம் விதித்து, பரிசுத்தொகையையும் பறித்தார்கள். எட்டு வாரத் தடையும் விதிக்கப்பட்டது; ஆனால் ஓராண்டு ஒழுங்காக இருந்தால் அது நடைமுறைக்கு வராது என்று நிறுத்திவைத்தார்கள். 2018 பற்றி மேலே சொன்னதோடு இதை ஒப்பிடும்போது எனக்குக் கோபமே வருகிறது. மனிதர்மீது பட்டிருக்கக்கூடிய அடிக்கு ஒருநாள்கூடத் தடை இல்லை என்றால், இந்த விளையாட்டு தன் நடுவர்களை எவ்வளவு மதிக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. பல கோடி சம்பாதிப்பவருக்கு அபராதம் வலிக்காது. ஆட முடியாத வாரங்கள்தான் வலிக்கும்.

பெண் நடுவர்களை வீரர்கள் மதிக்கிறார்களா?

2017 அமெரிக்க ஓப்பனில் ஃபாபியோ ஃபோனினி, ஆட்டத்தை நடத்திய பெண் நடுவரைப் பாலியல் வசைச்சொற்களால் இத்தாலிய மொழியில் திட்டினார். 24,000 டாலர் அபராதத்தோடு இரட்டையர் பிரிவிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். பின்னர் இரண்டு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளுக்குத் தடையும் வந்தது, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தடையாகவே. நடுவருக்குப் புரியாது என்ற நம்பிக்கையில் தாய்மொழியில் திட்டுவது டென்னிஸில் பழைய வழக்கம்.

மறுபக்கம், நாற்காலியில் யார் அமர்வது என்பது மெல்ல மாறியிருக்கிறது. 2007 ஆஸ்திரேலிய ஓப்பன் ஆடவர் இறுதியை சாண்ட்ரா டி ஜென்கன் நடத்தினார். 2015 அமெரிக்க ஓப்பன் ஆடவர் இறுதியை ஈவா அஸ்டராகி நடத்தினார். விம்பிள்டன் ஆடவர் இறுதி ஒன்றை ஒரு பெண் நடத்த 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குரோஷியாவின் மரியா சிச்சக் அந்த முதல் பெண்.

மொழி புரியாமல் தவறாகத் தண்டித்தால்?

2024 துபாய் அரையிறுதியில் மூன்றாம் செட் 5-6 என இருந்தபோது, கோட்டு நடுவரிடம் முகத்துக்கு நேராகக் கத்திய ஆந்த்ரே ரூப்லெவ், ரஷ்ய மொழியில் வசைபாடியதாக அறிவிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார். அவர் மறுத்தார். மேல்முறையீட்டில் பரிசுத்தொகையும் தரவரிசைப் புள்ளிகளும் திரும்பக் கிடைத்தன. 36,400 டாலர் அபராதம் மட்டும் நீடித்தது. இழந்த இறுதிப்போட்டியை யாரும் திருப்பித் தர முடியாது. வெளியேற்றும் முன் ஒளிப்பதிவைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும்?

இயந்திரம் வந்துவிட்டதே, இனி சர்ச்சையே இருக்காதா?

பந்து விழுந்த இடத்தைக் கேமராக்கள் மூலம் கணித்துச் சொல்லும் இயந்திரம் வந்தபின், பந்து உள்ளேயா வெளியேயா என்ற சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. மேலே சொன்ன 2004 தவறு, இயந்திரத்தைக் கொண்டுவரும் கோரிக்கைக்கு வலுச்சேர்த்தது; 2006 அமெரிக்க ஓப்பனில் ஆட்டக்காரர்கள் முறையிடும் வசதி வந்தது. 2025 இல் விம்பிள்டனும் கோட்டு நடுவர்களை முழுவதுமாக நீக்கியது. அந்த ஆண்டே அனஸ்தாசியா பாவ்லியுசென்கோவாவின் ஆட்டத்தில், மனிதத் தவறால் இயந்திரம் சிறிது நேரம் அணைந்திருந்தது. தெளிவாக வெளியே விழுந்த எதிராளியின் பந்துக்கு அறிவிப்பு வரவில்லை. நடுவர் தானே தீர்ப்பளிக்காமல் புள்ளியை மீண்டும் ஆடச் சொன்னார். கண்ணெதிரே தெரிந்ததைச் சொல்லும் துணிவை இயந்திரம் நடுவரிடமிருந்து எடுத்துக்கொண்டதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. வசைச்சொல்லையும் சட்டை மாற்றுவதையும் எந்த இயந்திரமும் தீர்ப்பளிக்காது. பாகுபாடு நுழையும் இடங்கள் அவைதான்.

ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள், பெண்கள் மூன்று செட்தான். சமப் பரிசு எப்படி நியாயம்?

பரிசுத்தொகை மணிக்கூலி அல்ல. நேர் செட்களில் ஒன்றரை மணி நேரத்தில் வென்றவருக்கு யாரும் தொகையைக் குறைப்பதில்லை. கிராண்ட்ஸ்லாம் தவிர்த்த வழக்கமான போட்டிகளில் ஆண்களும் மூன்று செட்தான் ஆடுகிறார்கள். அங்கேதான் பெண்களுக்கு இன்றும் பல இடங்களில் குறைவாகத் தரப்படுகிறது. ஆக, செட் எண்ணிக்கை உண்மையான காரணமே அல்ல. பெண்களால் முடியாது என்பதும் சரியல்ல: 1984 முதல் 1998 வரை ஆண்டிறுதி மகளிர் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி ஐந்து செட் முறையில் நடந்தது.

1968 விம்பிள்டனில் ராட் லேவருக்கு 2,000 பவுண்டு, பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண்டு. 1970 இல் ஒன்பது வீராங்கனைகள் ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப் போட்டித் தொடரைத் தொடங்கினர். 1973 இல் அமெரிக்க ஓப்பன் சமப் பரிசு தந்தது. விம்பிள்டன் 2007 இல்தான் தந்தது. மகளிர் டென்னிஸ் சங்கத்தின் இப்போதைய திட்டப்படி, தனியாக நடக்கும் பெரிய மகளிர் போட்டிகளில் சமநிலை வர 2033 ஆகும்.

பிரெஞ்சு ஓப்பன் இரவு ஆட்டங்களில் பெண்களை ஏன் பார்க்க முடிவதில்லை?

அங்கே இரவுக்கு ஓர் ஆட்டம்தான். மூன்று செட் ஆட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டால் நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் ஏமாறுவார்கள் என்பது அமைப்பாளர்களின் வாதம். 2022 இல் பத்து இரவுகளில் ஒன்று மட்டுமே பெண்களுக்குக் கிடைத்தது. ஆடவர் ஆட்டமே இப்போது அதிகம் ஈர்க்கிறது என்று போட்டி இயக்குநர் அமெலி மௌரெஸ்மோ சொல்லி, பிறகு வருத்தம் தெரிவித்தார். அவரே முன்னாள் முதல்நிலை வீராங்கனை. 2024 இலும் 2025 இலும் ஓர் இரவுகூடப் பெண்களுக்குத் தரப்படவில்லை. இரவுக்கு இரண்டு ஆட்டங்கள் வைத்தால் நேர வாதம் அப்போதே விழுந்துவிடும். அமெரிக்க ஓப்பன் பல ஆண்டுகளாக அப்படித்தான் நடத்துகிறது.

நடுவர்கள் ஏன் தங்கள் தரப்பைச் சொல்வதே இல்லை?

சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. பணியாற்றிய ஆட்டத்தைப் பற்றி அனுமதியின்றி ஊடகங்களிடம் பேசக்கூடாது என்பது அவர்களின் பணி நெறி. ஆகவே 2018 க்குப் பிறகு செரீனா, மூராடோகுலு, மகளிர் டென்னிஸ் சங்கம், அமெரிக்க டென்னிஸ் சங்கம் என எல்லோரும் நீளமாகப் பேசினார்கள். சர்வதேசக் கூட்டமைப்பு ராமோஸை ஆதரித்து அறிக்கை வெளியிட்டது. அடுத்த வாரமே அவர் டேவிஸ் கோப்பைப் பணிக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு அமெரிக்க ஓப்பனில் வில்லியம்ஸ் சகோதரிகளின் ஆட்டங்கள் அவருக்குத் தரப்பட மாட்டா என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது.

இந்த மௌனம் இரு தரப்புக்கும் கெடுதல். தீர்ப்பின் காரணத்தை நடுவர் அன்றே எழுத்தில் தந்து, அதை வெளியிட்டால், பாகுபாடு இருந்ததா என்பதை ஆட்டத்துக்கு ஆட்டம், நடுவருக்கு நடுவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ராமோஸுக்கு வாதம் இருந்தால் அது வெளிவந்திருக்கும். லயானி போன்றவர்களின் சலுகை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதும் வெளிவரும்.